ஊர் நேரம் ஐந்து மணி

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு வெகுமுன்பே ஜெயமலர் எழும்பிவிட்டாள். எழும்பினாள் என்பதும் பேச்சுக்குத்தான். வியாழக்கிழமையிலிருந்து அந்த வீட்டில் யார் ஒழுங்காக நித்திரை கொண்டது?

வியாழன் பின்னேரம் கொழும்பிலிருந்து வந்த தெரிந்த பெண் அன்ரனெற், டொரொன்ரோவின் மல்வேர்ன் பஸ் பிடித்து வந்து, அடுக்குமாடியின் கீழ் வாசலில் நின்றபடியே ஒரு நீலக் கடித உறையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதை ஜெயமலர் லிஃப்ற்றுக்குள் வைத்தே பிரித்த இடத்தில் போன வாரம் விட்டோம். உள்ளே இருந்தது, மூன்று வருடமாகக் கண்ணால் காணாத மூத்த மகள் துர்க்காவின் கையெழுத்து.

"அம்மா, அப்பா, நான் கிளிநொச்சியிலை இருந்து வெளிக்கிட்டு வவுனியாவுக்கு வந்திட்டன். காம்பிலை இருக்கிறன். இஞ்சை இருந்து கொழும்புக்கு விடவேணுமெண்டால் அங்கை ஒராள் எனக்குப் பொறுப்பு நிக்கவேணும். அவரின்ரை பேர், விலாசம், அடையாள அட்டை நம்பர் மூண்டும் வேணும். 28ஆம் திகதி திங்கட்கிழமை காலமை லிஸ்ட் எழுதுகினம். அதுக்குப் பிறகு எழுதமாட்டினமாம். பேர் இல்லாத ஆக்களை வந்த பக்கமே திருப்பி அனுப்பினம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெளியிலை போக எனக்குப் பாஸ் தருவினம். அஞ்சரைக்குள்ளை திரும்பிடவேணும். கிட்ட ஒரு கொமினிகேசன் கடை இருக்கு. ஒரு லைன்தான். ஆளுக்குப் பத்து நிமிசம் எண்டு பிரிச்சுக் குடுக்கிறார். எனக்கு அஞ்சு மணி கிடைச்சிருக்கு. அஞ்சு மணிக்குச் சரியா எடுங்கோ."

கீழே கடையின் நம்பர். அவ்வளவுதான் கடிதம். அழுகை இல்லை, குறை சொல்லல் இல்லை. அதுதான் ஜெயமலரைக் கொன்றது.

தொண்ணூற்று மூன்றில் இவள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, புலிகளிடம் பாஸ் எடுக்க ஒராளைப் பிணையாகப் பின்னுக்கு விடவேண்டும் என்றிருந்தது. பதினைந்து வயதுத் துர்க்கா, "நான் மாமியோடை நிக்கிறன் அம்மா, நீங்கள் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அப்பாட்டைப் போங்கோ" என்றாள். இவள் போனாள். ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆறு மாதம் மூன்று வருடமாகிவிட்டது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் வீடே தலைகீழாக நின்றது. கொழும்பில் வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அருள்நாயகத்தைக் கெஞ்சிக் கூத்தாடிப் பொறுப்பு நிற்கச் சம்மதிக்க வைத்தார்கள். விலாசமும் அடையாள அட்டை நம்பரும் ஒரு காகிதத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டியாயிற்று. வவுனியாக் கடைக்கும் எடுத்துப் பார்த்தார்கள். ஓயாமல் லைன் பிசி. ஒரேயொரு முறை கடைக்காரர் எடுத்து, "விலாசம் எழுதிக் குடுக்கத் துடங்கினால் நான் கடை நடத்தேலாது தங்கச்சி. நூறு பேர் கேக்கினம். எட்டுக்குத் திறந்து ஆறுக்குப் பூட்டுறன். உங்கடை நேரத்துக்கு எடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆக, எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது இந்த வீட்டு மணிக்கூடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும்.

குசினிச் சுவரில் இரண்டு மணிக்கூடுகள் இருந்தன. ஒன்று டொரொன்ரோ நேரம் காட்டும். மற்றது ஊர் நேரம் காட்டும். இரண்டாவதை ஜெயமலரின் புருசன் தியாகலிங்கம் தவிர வேறொருவரும் தொடக்கூடாது. மனுசன் யாழ்ப்பாணத்தில் புகையிரத நிலையக் குமாஸ்தாவாக இருந்தவர். இங்கே ஒரு கார்ப் பார்க்கிங் கூட்டுக்குள் இருந்து ரிக்கெற் கிழித்துக் கொடுத்தாலும் நேரம் என்று வந்துவிட்டால் இன்னமும் குமாஸ்தாதான்.

இந்த வருடம் மே மாதம் கொழும்பு அரசாங்கம், மழையில்லை, மின்சாரம் மிச்சம் பிடிக்கவேண்டும் என்று நாட்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. புலிகளின் கையிலிருந்த வன்னியில் தள்ளவில்லை. ஒரே தீவுக்குள் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் புது நேரம், அந்தப் பக்கம் பழைய நேரம். தியாகலிங்கமும் தள்ளவில்லை. "அவங்கள் சொன்ன உடனை என்ர பிள்ளை இருக்கிற இடத்திலை சூரியன் முந்தி உதிக்கப் போகுதோ?" என்று கேட்டார். துர்க்கா வன்னியில், கிளிநொச்சியில் இருந்தவரை அது சரியான கேள்விதான்.

குளிர்சாதனப் பெட்டியில் இளைய மகள் சாம்பவி ஒரு காகிதம் ஒட்டி வைத்திருந்தாள். எந்த நாட்டுச் சொந்தக்காரருக்கு எத்தனை மணித்தியால வித்தியாசம் என்று. பதினாலு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு. ரெஜைனாவில் இருக்கும் மச்சாள் வீட்டில் வருடம் முழுக்க மணிக்கூட்டைத் தொடுவதே இல்லை, அந்த மாகாணத்தில் அப்படித்தான். ஜேர்மனிச் சித்தப்பா வீட்டில் போன வருடம் செப்டெம்பரிலேயே குளிர்கால நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள், இந்த வருடம்தான் ஒக்டோபர்க் கடைசிக்கு வந்திருக்கிறார்கள். லண்டனில் போன வருடம் ஒரு கிழமை முந்தி, இந்த வருடம் டொரொன்ரோவோடு ஒரே நாளில். இப்படி எல்லாம் எழுதி, 'ஊர்' என்ற இடத்தில் அவள் எழுதியதைத் தகப்பன் வெட்டித் தன் கணக்கை எழுதி வைத்திருந்தார்.

சனிக்கிழமை பின்னேரம் சாம்பவி கதிரையில் ஏறி, குளிர்கால நேரத்துக்காக டொரொன்ரோ மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினாள். இறங்காமல் அங்கேயே நின்றாள்.

"அப்பா, மற்றதையும் மாத்தட்டே? கொழும்பிலை நேற்று சேஞ்ச் பண்ணினவையாம். ஒரு மணித்தியாலம் இல்லை, இப்ப அரை மணித்தியாலம்தான் டிஃபரன்ஸ். தமிழ் ரேடியோவிலை சொன்னவை."

"அவங்கள் கூட்டட்டும், குறைக்கட்டும். உதிலை கை வையாதை."

"பட் அக்கா இப்ப வவுனியாவிலை எல்லோ நிக்கிறா?"

"உன்ர அக்கா எழுதினது எங்கடை வீட்டுக்கு. இந்த வீட்டு நேரம் என்னெண்டு அவளுக்குத் தெரியும். இறங்கு."

சாம்பவி தாயைப் பார்த்தாள். ஜெயமலர் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிள்ளை சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. ஆனால் இந்தக் கதையை இழுத்தால் சண்டை வரும், சண்டை வந்தால் நாளைக்கு இந்த மனுசன் முகத்தைத் தூக்கிக்கொண்டிருப்பார், நாளைக்கு அது வேண்டாம் என்று நினைத்தாள். "இறங்கடி, விழப்போறாய்" என்று மட்டும் சொன்னாள்.

இனி ஞாயிறு காலைக்கு வருவோம்.

டொரொன்ரோ மணிக்கூட்டில் ஆறு. ஊர் மணிக்கூட்டில் நாலரை. தியாகலிங்கம் குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சேட்டோடு தொலைபேசிக்கு முன்னால் இருந்தார். மகளோடு பேசுவதற்கு மனுசன் சேட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாரே என்று ஜெயமலருக்கு ஒருகணம் நெஞ்சு இளகியது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். தான் குடிக்கவில்லை.

ஊர் மணிக்கூட்டில் நாலு ஐம்பத்தைந்து. அதற்கு மேல் அவளால் இருக்க முடியவில்லை. எழுந்து போய் ரிசீவரைத் தூக்கி நம்பர் அழுத்தத் தொடங்கினாள். பாதி நம்பர் அழுத்தியிருப்பாள். தியாகலிங்கம் எட்டி விரலால் லைனை வெட்டினார்.

"அஞ்சு நிமிசம் பொறும்."

"இப்ப எடுத்தால் என்ன? பிள்ளை வெள்ளனவே வந்து நிப்பாள்."

"நிப்பாள். ஆனா இப்ப இன்னொருத்தற்றை நேரம். அந்தாள் ஏசிப்போட்டு வைச்சிடும். பிறகு எங்கடை நேரத்துக்கும் தராமல் விட்டாலும் விடும். ஸ்ரேசனிலை பதினேழு வருசம் நிண்டனான் மலர். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிசமும் முந்தக்கூடாது, பிந்தக்கூடாது."

அவள் ரிசீவரை வைத்தாள். மனுசன் சொல்வதில் நியாயம் இருந்தது. ஊர் மணிக்கூட்டின் பெரிய முள் பன்னிரண்டில் வந்து நிற்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

ஐந்து மணி. அவர் தலையாட்டினார். அவள் அழுத்தினாள். முதல் தரமே மணி போனது. இரண்டாவது மணியில் கடைக்காரர் எடுத்தார்.

"கலோ ஐயா, கனடாவிலை இருந்து கதைக்கிறம். துர்க்கா தியாகலிங்கம். அஞ்சு மணி எங்கடை நேரம்."

"அஞ்சு மணியோ? இப்ப அஞ்சரை, தங்கச்சி."

"இல்லை ஐயா, இப்பத்தானே அஞ்சு…"

"பழைய நேரமோ பாக்கிறியள்? இது வவுனியா. இஞ்சை எல்லாம் அரசாங்க நேரம்தான்."

ஜெயமலர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தாள். "பிள்ளை… அந்தப் பிள்ளை நிக்குதோ?"

"இப்பத்தான் ஓடினது. அஞ்சரைக்குக் காம்ப் வாசல் பூட்டிடுவாங்கள்."

"ஒருக்காக் கூப்பிட்டு விடுங்கோ ஐயா. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறன். ஒழுங்கையிலைதான் போவாள்."

"கடையை விட்டிட்டு நான் எங்கை ஓட? அடுத்த ஆள் நிக்கிறா. இவவுக்குச் சுவிசிலை இருந்து மகன் எடுக்கவேணும். லைனை விடுங்கோ."

"ஒரு விலாசம் மட்டும் எழுதுங்கோ ஐயா, ஒரேயொரு விலாசம்…"

லைன் போய்விட்டது. திரும்ப அழுத்தினாள். பிசி. திரும்பவும் பிசி. சுவிஸ்காரன் தாயோடு கதைக்கிறான். கதைக்கத்தானே வேண்டும்.

தியாகலிங்கம் பக்கத்தில் நின்று, "என்ன, என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

"அங்கை அஞ்சரையாம்."

"அதெப்பிடி? எங்கடை நேரம்…"

"எங்கடை நேரம்." ஜெயமலர் சத்தம் போடவில்லை. சத்தம் போட அவளிடம் பலம் இருக்கவில்லை. "காம்ப் வாசல்லை துவக்கோடை நிக்கிறவன் என்ன மணிக்கூடு கட்டியிருக்கிறானோ, அதுதான் என்ர பிள்ளைக்கு நேரம். நீங்கள் இஞ்சை சுவரிலை கொழுவி வைச்சிருக்கிறது இல்லை. உங்களுக்கு அது விளங்கேல்லை. எனக்கு நேற்றே கொஞ்சம் விளங்கினது. நான் வாயைத் திறக்கேல்லை."

அறை வாசலில் சாம்பவி போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். நான் சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வயதில் அது பெரிய காரியம்.

அதற்குப் பிறகு செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். வெள்ளவத்தைக்கு எடுத்து அருள்நாயகத்திடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் அங்கிருந்து கடைக்கு எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். ஒரு மணித்தியாலம் கழித்து அவர்கள் திரும்ப எடுத்தபோது, "ஒருத்தரும் தூக்கினமில்லை, கடை பூட்டியாச்சுப் போல. காம்புக்குள்ளை எடுக்கிற நம்பர் எனக்குத் தெரியாது" என்றார். நல்ல மனுசன். குறை சொல்லவில்லை. வைக்கும்போது மட்டும், "நாளைக்கு இஞ்சை காலமை எட்டு. உங்களுக்கு இண்டைக்கு இரவு ஒன்பது. உந்த முறை பாத்துக் கணக்குப் போடுங்கோ" என்றார்.

தியாகலிங்கம் "ஓம் மாஸ்டர்" என்றார். அந்த 'ஓம்' ஜெயமலருக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

எட்டு மணிக்கு அவளுக்கு வேலை. பாண் சுடும் பக்ரறியில் பொதி செய்யும் வேலை. இன்றைக்குப் போகாதே என்று சாம்பவி சொன்னாள். வீட்டில் இருந்து என்ன செய்வது? இரவு ஒன்பது மணிவரை அந்த மனுசனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று தெரிந்துதான் போனாள்.

பக்ரறி வாசலில் ஒரே அமளி. பாதிப் பேர் மணிக்கூடு மாற்ற மறந்து ஒரு மணித்தியாலம் முந்தி வந்து குளிருக்குள் நின்றிருக்கிறார்கள். உடுப்பு மாற்றும் அறையில் கிளடிஸ் வாங்கில் சாய்ந்து கிடந்தாள். மன்னார்க்காரி, ஜெயமலரைவிட ஐந்தாறு வயது இளையவள், எந்த நேரமும் பகிடி.

"மலரக்கா, நான் ஏழு மணிக்கே வந்து குந்தியிருக்கிறன். வீட்டிலை ஒரு மனுசன் இருந்து என்ன பிரயோசனம், ஒருக்கா ஞாபகப்படுத்தினவரே? ஒரு மணித்தியாலம் எனக்கு வீணாப் போச்சு."

ஜெயமலருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். அது நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே வாங்கில் இருந்துவிட்டாள். கிளடிஸ் பயந்துபோய் அவளுடைய தோளைப் பிடித்தாள்.

"என்னக்கா?"

"எனக்கு அரை மணித்தியாலம் கிடைச்சிருந்தால் காணும் கிளடிஸ். நீ வீணாக்கினதிலை பாதி."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்த கிளடிஸ் பகிடியை விட்டுவிட்டாள். "நான் மடு மாதாவுக்கு நேர்ந்து வைக்கிறன் அக்கா" என்றாள்.

"ஆருக்கெண்டாலும் வை."

அன்று முழுக்க பெல்ற்றில் பணிஸ் வந்துகொண்டேயிருந்தது. பன்னிரண்டு எண்ணிப் பைக்குள் போடவேண்டும். ஜெயமலருடைய கை எண்ணியது. மனம் அந்தக் கடைக்குள் நின்றது. ஐந்து மணிக்கு ரெலிபோன் அடிக்கவில்லை. ஐந்து ஐந்துக்கும் அடிக்கவில்லை. கடைக்காரர் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிடுகிறார். பிள்ளை என்ன நினைத்திருக்கும்? பதினெட்டு வயதுப் பிள்ளை, தனியாக, அந்தச் சனத்துக்கு நடுவில். வேறு என்ன நினைக்கும்? அம்மா திரும்பவும் விட்டுவிட்டாள் என்றுதான் நினைக்கும். முதல் தரம் போகச் சொல்லி அவளே சொன்னாள். இந்த முறை எடுங்கோ என்று எழுதியும் எடுக்கவில்லை. எந்தப் பக்கத்தால் யோசித்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்தது. இடையில் இரண்டு பைக்குள் பதின்மூன்று பணிஸ் போய், சுப்பவைசர் வந்து முறைத்துவிட்டுப் போனாள்.

நாலரைக்கு வேலை முடிந்து பஸ்ஸில் இருக்கும்போதே பொழுது பட்டுவிட்டது. நேற்று இந்த நேரம் நல்ல வெயில் இருந்தது. எல்லாருக்கும் ஒரு மணித்தியாலத்தைத் தருவதாகச் சொல்லிப் பின்னேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும் நாடு இது என்று அவளுக்குக் கோபம் வந்தது. யாரோடாவது கோபிக்கவேண்டியிருந்தது.

வீட்டுக்குள் வந்தாள். உள்ளே ஒருவரும் லைற் போட்டிருக்கவில்லை. தியாகலிங்கம் காலையில் போட்ட அதே சேட்டோடு குசினிக்குள் இருந்தார். லைற்றைப் போட்டுவிட்டு அவள் சுவரைப் பார்த்தாள். ஊர் மணிக்கூடு மாற்றப்பட்டிருந்தது. அரை மணித்தியாலம் முன்னுக்கு, கச்சிதமாக.

"எப்ப மாத்தினனீங்கள்?"

"நீர் வேலைக்குப் போன உடனை."

ஐந்து மாதம் இந்த மணிக்கூட்டுக்காக இந்த மனுசன் வாதாடாத ஆள் இல்லை. கோயிலில், தமிழ்க் கடையில், கலியாண வீட்டில், எல்லா இடத்திலும். பஸ்ஸில் வரும்போது அவரைக் கேட்கவேண்டும் என்று அவள் அடுக்கி வைத்திருந்த சொற்கள் நிறைய. மணிக்கூட்டைப் பார்த்ததும் அதில் ஒன்றுகூட வெளியில் வரவில்லை. அவர் அதை மாற்றாமலே விட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று அவளுக்கே விளங்கவில்லை.

சோறு சூடாக்கினாள். மூன்று கோப்பையிலும் போட்டாள். ஒருவரும் தொடவில்லை.

"என்னைப் பற்றி என்ன நினைச்சிருப்பாள்?" என்றார் தியாகலிங்கம், கோப்பையைப் பார்த்தபடி.

"உங்களைப் பற்றி அவள் ஏன் நினைக்கிறாள்? அம்மா ரெண்டாந்தரமும் விட்டிட்டா எண்டுதான் நினைச்சிருப்பாள்."

"பிழை என்னிலை மலர்."

"பிழை ஆரிலை எண்டு இனிப் பாத்து என்ன?"

எட்டரைக்கே சாம்பவி தொலைபேசியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எட்டு நாற்பத்தைந்திலிருந்து அழுத்தத் தொடங்கினாள். மணி போகும், ஒருவரும் எடுக்கமாட்டார்கள், வெட்டித் திரும்ப அழுத்துவாள். இந்த முறை ஒருவரும் பொறு என்று சொல்லவில்லை. அருள்நாயகத்தின் விலாசம் எழுதிய காகிதத்தை ஜெயமலர் கையில் வைத்திருந்தாள். வேர்வையில் அது நனைந்துபோயிருந்தது.

ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சாம்பவி ரிசீவரை நீட்டினாள்.

"அம்மா, எடுத்திட்டார்."

"ஐயா, கனடாவிலை இருந்து. நேற்று… துர்க்கா…"

"நில்லுங்கோ தங்கச்சி. அந்தப் பிள்ளை இஞ்சை வாசல்லைதான் நிக்குது. கடை திறக்கேக்கையே நிண்டது. இந்தா குடுக்கிறன்."

வீட்டில் மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஜெயமலர் மனதுக்குள் கணக்குப் போட்டாள். நேரம் இருக்கிறது, லிஸ்ட் இன்னும் எழுதத் தொடங்கியிருக்காது, விலாசத்தைச் சொன்னால் போதும்.

"அம்மா."

குரல் மாறியிருந்தது. பெரிய பிள்ளையின் குரல். ஜெயமலர் அழுவாள் என்று நினைத்திருந்தாள், அழவில்லை, காகிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

"பிள்ளை, எழுது. முதல்லை எழுது, பிறகு கதைப்பம். பேர் அருள்நாயகம். அருள்நாயகம் மாஸ்டர். விலாசம்…"

"அம்மா, கொஞ்சம் நில்லுங்கோ."

"நம்பர் பத்தொன்பது பை மூண்டு…"

"அம்மா, எழுதத் தேவையில்லை."

"ஏன்?"

"என்ர பேரைத் திருப்பி அனுப்புற லிஸ்டிலை போட்டிட்டினம். பத்து மணிக்கு பஸ். போற ஆக்களுக்குச் சாமான் வாங்க அரை மணித்தியாலம் விட்டவை. அதுதான் உங்களுக்குச் சொல்லுவம் எண்டு ஓடி வந்தனான்."

"லிஸ்ட் இண்டைக்குத்தானே எழுதுறது? நீதானே எழுதினனீ?"

"ஓம். ஆனா நேற்று நான் வாசலுக்குப் பிந்திப் போனனான். வாசல் பூட்டியாச்சு. பிந்தின ஆக்களுக்குக் கொழும்புக் கதையே இல்லை எண்டிட்டினம். கெஞ்சிப் பாத்தனான் அம்மா."

"ஏன் பிள்ளை பிந்தினனீ? அஞ்சு பத்தோடை உன்ர நேரம் முடிஞ்சுதுதானே? அப்பவே போயிருக்கலாமே?"

துர்க்கா குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா பழைய நேரத்திலைதான் எடுப்பார் எண்டு எனக்குத் தெரியும் அம்மா. அவர் மணிக்கூட்டை மாத்தியிருக்கமாட்டார். கடிதத்திலை அதை எழுத மறந்துபோனன். அஞ்சுக்கு வராதபடியால் அஞ்சரைக்கு வரும் எண்டு நிண்டனான். மூண்டு நிமிசம் இருக்கேக்கை பயம் பிடிச்சிட்டுது. ஓடினன். அதுக்குள்ளை பூட்டிட்டினம்."

பக்கத்தில் தியாகலிங்கம் ரிசீவருக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்கள் விட்டிட்டியள் எண்டு நான் நினைக்கேல்லை அம்மா. அதைச் சொல்லத்தான் வந்தனான். எங்கை கொண்டுபோய் இறக்குவினம் எண்டு தெரியாது. போய் எழுதுறன். தங்கச்சியைக் கேட்டதெண்டு சொல்லுங்கோ. அப்பா பக்கத்திலை நிக்கிறாரோ?"

"நிக்கிறார், பிள்ளை. இந்தா…"

அவர் வாங்கிக் காதில் வைத்தபோது லைன் இல்லை. "பிள்ளை, பிள்ளை" என்று இரண்டு மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தார். சாம்பவி அவருடைய கையிலிருந்து ரிசீவரை மெதுவாக வாங்கித் திரும்ப அழுத்தினாள். பிசி.

"என்னவாம்?" என்றார் அவர்.

"பஸ்ஸிலை ஏத்துகினமாம்."

"கொழும்புக்கோ?"

"இல்லை."

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். சாம்பவி ரிசீவரை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"எங்கை கொண்டுபோகினமாம்?"

"தெரியாதாம். போய் எழுதுவாளாம்."

"என்னிலை கோவமோ பிள்ளைக்கு? மறைக்காமல் சொல்லும் மலர்."

ஏச்சு வாங்கத் தயாராகத்தான் அவர் இருந்தார். காலையிலிருந்து அதற்காகவே காத்திருந்தவர்போல முகத்தை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அவரை அடித்து விழுத்தக்கூடிய ஒன்று இப்போது ஜெயமலரிடம் இருந்தது. பகல் முழுக்க அவள் அடுக்கி வைத்த சொற்கள் எல்லாம் சேர்ந்தாலும் அதற்குக் கிட்ட வராது.

"இல்லை" என்றாள். "கோவமில்லை."

"உண்மையாவோ?"

"உண்மையாத்தான்."

தியாகலிங்கம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அது ஆறுதலில் வந்த அழுகை என்று ஜெயமலருக்குத் தெரிந்தது. பிள்ளை அவருடைய பழைய நேரத்தை நம்பித்தான் அங்கே நின்றாள் என்பதை இந்த மனுசனுக்கு யார் சொல்வது? இன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்வதா, பிள்ளையின் அடுத்த கடிதம் வந்து அதுவே சொல்லட்டும் என்று விடுவதா என்றும் அவளுக்குத் தெரியவில்லை. அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.